எந்தக் காமிரா நமக்கு ஏற்றது?

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

எங்கள் பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் காலையில் நடந்து சென்றால், மணலில் பலவகை வலைகள் காய்வதைக் காணலாம். கவலை மீனுக்கு ஒரு வலை, வஞ்சிரத்துக்கு ஒரு வலை, நண்டுக்கு வேறொரு வலை. ஒவ்வொன்றிலும் கண்ணியின் அளவு வேறு, நூலின் கனம் வேறு. "இவற்றில் எது நல்ல வலை?" என்று எந்த மீனவரைக் கேட்டாலும், "எந்த மீனுக்கு?" என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார். காமிரா வாங்கப் புறப்பட்ட நாங்கள் இந்தச் சிறு கேள்வியை மறந்துவிட்டோம். அதை மீண்டும் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்வதே இக்கட்டுரை.

எங்கள் இயற்கைக் கழகத்தினர் இரண்டு ஆண்டுகளாகப் பழைய செய்தித்தாள் விற்றும், பெற்றோர் தினத்தன்று சுண்டல் கடை போட்டும் ஒரு தொகை சேர்த்தோம். அதில் கடலுக்குப் போகும் அப்பாக்களின் காசும் உண்டு. உப்பளத்தில் வெயிலில் நிற்கும் அம்மாக்களின் காசும் உண்டு. "ஒரு முறைதான் வாங்க முடியும். ஏன் இதை வாங்கினோம் என்று பெற்றோருக்கு எழுதிக் காட்ட வேண்டும்" என்று கழகப் பொறுப்பாளர் சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே பெற்றோரே, இது உங்களுக்கு நாங்கள் ஒப்புவிக்கும் கணக்கும் ஆகும்.

எங்களில் பாதிப் பேர், தொடக்க நிலை டி.எஸ்.எல்.ஆர். காமிராதான் வேண்டும் என்றார்கள். "கல்யாண வீட்டில் போட்டோக்காரர் அண்ணன் வைத்திருப்பதுதான் உண்மையான காமிரா" என்பது அவர்கள் வாதம். மறுபாதியினர், லென்ஸ் கழற்ற முடியாத பிரிட்ஜ் காமிரா போதும் என்றார்கள். இரு கட்சியாருக்கும் அப்போது விவரம் அதிகம் தெரியாது.

இரு கருவிகளின் அமைப்பு

டி.எஸ்.எல்.ஆர். என்பதற்கு எண்முறை ஒற்றை லென்ஸ் எதிரொளிப்புக் காமிரா என்று பொருள். லென்ஸ் வழியே வரும் ஒளி, உள்ளே 45 பாகைச் சாய்வில் நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், ஷட்டர் திறக்கும், ஒளி சென்சாரில் விழும். நாம் கேட்கும் 'டக்' ஒலி அதுதான். 2018ஆம் ஆண்டு வந்த கேனன் 1500டி, நிகான் டி3500 ஆகிய இரண்டும் 24 மெகாபிக்சல் கொண்ட தொடக்க நிலைக் கருவிகள். வேலைக்கு ஏற்றபடி இவற்றின் லென்ஸை மாற்றிக்கொள்ளலாம்.

சட்டைப்பைக் காமிராவுக்கும் டி.எஸ்.எல்.ஆருக்கும் நடுவே பாலம் போல நிற்பதால் மற்றதற்குப் பிரிட்ஜ் காமிரா என்று பெயர். இதில் எதிரொளிக்கும் கண்ணாடி இல்லை. சென்சாரில் விழும் காட்சியையே சிறு மின்திரையில் பார்க்கிறோம். லென்ஸ் உடலோடு ஒட்டியது. ஆனால் அது மிக நீளமாகப் பெருக்கும். 2015இல் வந்த நிகான் பி900 83 மடங்கும், 2018இல் வந்த கேனன் எஸ்.எக்ஸ்.70 65 மடங்கும் ஜூம் செய்யும்.

முதல் எண்முறைக் காமிராவை 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்தார். 2003இல் வந்த கேனன் 300டி, 1,000 டாலருக்குள் விற்றதால் டி.எஸ்.எல்.ஆர். சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டத் தொடங்கியது. இன்று கடைகளில் மிரர்லெஸ் காமிராக்களே முன்வரிசையில் இருக்கின்றன. அதனால் நாங்கள் பார்த்த இரு வகைகளும் கைமாறிய பொருளாக ஓரளவு மலிவாகக் கிடைக்கின்றன. எங்கள் பணத்துக்கு அவையே எட்டின.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

எங்கள் கழகத்தின் முதல் வேலை பறவைகளைப் பதிவு செய்வது. இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்களும், அவற்றை அடுத்த கழுவெளி ஏரியும் வரும். 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட கழுவெளி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. பூநாரை, கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான் முதலியவை அங்கு வரும். நாம் கிட்டே போனால் அவை பறந்துவிடும். நெடுந்தொலைவு பறந்து வந்து இளைத்திருக்கும் பறவையை வீணாக எழுப்புவது, அது உண்ட உணவைப் பறிப்பதற்குச் சமம். எனவே கரையில் நின்றபடியே எடுக்க வேண்டும்.

கரையிலிருந்து 200 மீட்டர் தொலைவில் ஒரு பூநாரை நிற்பதாகக் கொள்வோம். அதன் உயரம் 1.25 மீட்டர். வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்களை இங்கே பயன்படுத்தலாம். தொலைவிலுள்ள பொருளின் பிம்ப உயரம் காண, லென்ஸின் குவியத்தூரத்தைப் பொருளின் உயரத்தால் பெருக்கித் தொலைவால் வகுக்க வேண்டும்.

டி.எஸ்.எல்.ஆரோடு பலரும் வாங்கும் இரண்டாவது லென்ஸ் 250 மி.மீ. வரை போகும். 250 × 1.25 ÷ 200 = 1.56 மி.மீ. கேனன் 1500டியின் சென்சார் உயரம் 14.9 மி.மீ. ஆகவே பறவை படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

நிகான் பி900இன் உண்மையான குவியத்தூரம் 357 மி.மீ. 357 × 1.25 ÷ 200 = 2.23 மி.மீ. இதன் சென்சார் உயரமோ சுமார் 4.6 மி.மீ. தான். ஆகவே பறவை படத்தின் ஏறக்குறைய பாதி உயரத்துக்கு நிற்கும். சின்னச் சட்டத்துக்குள் வைத்த பொம்மை பெரிதாகத் தெரிவது போன்றதே இது. பெட்டியின்மேல் 2000 மி.மீ. என்று போட்டிருப்பது, பழைய 35 மி.மீ. பிலிம் காமிராவோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். அதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

டி.எஸ்.எல்.ஆரிலும் பறவையைப் பெரிதாக எடுக்கலாம். அதற்கு 600 மி.மீ. போன்ற லென்ஸ் வேண்டும். அதன் எடை சுமார் 2 கிலோ. விலையோ தொடக்க நிலைக் காமிராவின் விலையைவிட அதிகம். பி900இன் மொத்த எடையே சுமார் 900 கிராம்தான். ஏழாம் வகுப்புத் தங்கையும் அதைத் தூக்கலாம்.

இதனால் இழப்பது என்ன?

கணக்கு ஒரு பக்கம் மட்டும் பேசுவதில்லை. 1500டியின் சென்சார் பரப்பு சுமார் 332 சதுர மி.மீ.; பி900இன் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. ஏறத்தாழ 12 மடங்கு வித்தியாசம். அகன்ற பாத்திரம் மழைநீரை அதிகம் பிடிப்பது போல, பெரிய சென்சார் ஒளியை அதிகம் பிடிக்கும். ஆகையால் மங்கிய வெளிச்சத்தில் டி.எஸ்.எல்.ஆர். படம் தெளிவாகவும், பிரிட்ஜ் படம் புள்ளி புள்ளியாகவும் வரும். பறக்கும் பறவையைத் தொடர்வதற்கும் டி.எஸ்.எல்.ஆரே எளிது. பாட்டரியும் அதில் நெடுநேரம் நிற்கும். ஆண்டு விழா மேடையில் நடனமாடுபவர்களை எடுக்கவும் அதுவே சிறந்தது.

உப்பளத்தில் ஒரு சனிக்கிழமை

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆசிரியையுடன் மரக்காணம் சென்றோம். தோழி ஒருத்தியின் சித்தப்பா, திருமணங்களுக்குப் படம் எடுப்பவர். அவர் தம் பழைய டி.எஸ்.எல்.ஆரையும் இரண்டு லென்ஸ்களையும் கொடுத்தார். எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி அக்கா ஒருவர் தம் பிரிட்ஜ் காமிராவைக் கொடுத்தார்.

காலை ஆறே காலுக்கு டி.எஸ்.எல்.ஆர். வென்றது. பிரிட்ஜ் படங்களில் நாரையின் நிறமே தெரியவில்லை. ஏழரை மணிக்கு வெயில் ஏறியதும் நிலைமை மாறியது. பிரிட்ஜ் காமிராவில் பூநாரையின் வளைந்த அலகும் அதன் கருமுனையும் தெரிந்தன. டி.எஸ்.எல்.ஆரில் பூநாரை எனத் தெரிந்ததே தவிர, அலகு தெரியவில்லை. பத்தரை மணிக்கு மேல் உப்புப் பாத்திகளின்மேல் கானல் எழுந்தது. அதன்பின் எவ்வளவு ஜூம் செய்தும் பறவை நீருக்கடியில் இருப்பது போல நெளிந்தது. கருவியைவிட நேரமே பெரிது என்று அன்று அறிந்தோம்.

இதற்கிடையில் ஒரு தவறும் செய்தோம். வரப்பில் காற்றுக்கு எதிரே நின்று எங்களில் ஒருத்தி லென்ஸை மாற்றினாள். அதற்குப் பிறகு எடுத்த படங்களில் வானத்தில் கரும்புள்ளிகள் விழுந்தன. சென்சாரில் தூசி படிந்துவிட்டது. கருவியைத் திருப்பிக் கொடுத்தபோது தலைகுனிந்து நின்றோம். சித்தப்பா கோபிக்கவில்லை. "மண்டபத்துக்கு இது சரி. உப்புக்காத்துல இதைத் தொறக்கக் கூடாதும்மா. நானே தொறக்க மாட்டேன்" என்றார்.

ஒரு படம் எங்களை நிறுத்தியது

திங்கட்கிழமை வகுப்பில் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினோம். பறவைகளுக்கு இடையில், பிரிட்ஜ் காமிராவில் வெகுதூரத்திலிருந்து எடுத்த ஒரு படமும் வந்தது. தலையில் உப்புக் கூடையுடன் ஒரு பெண்மணி, முகத்தைச் சுளித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு தெளிவு!" என்று நாங்கள் கைதட்டினோம். பின் வரிசையில் இருந்த தோழி ஒருத்தி மட்டும் மெல்ல, "அது எங்க அம்மா" என்றாள்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவருக்குத் தெரியாமலே அவர் களைப்பை நாங்கள் எடுத்து வந்திருந்தோம். அன்றே அந்தப் படத்தை அழித்தோம். அடுத்த சனிக்கிழமை தோழியோடு சென்று அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "கேட்டிருந்தா நானே நின்னிருப்பேனே. அவ்ளோ தூரத்துல இருந்து எதுக்குப் புடிச்சீங்க?" என்றார். பிறகு கூடையை இறக்கி வைத்தார், கூந்தலை முடிந்துகொண்டார், வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியலின் அருகில் நிமிர்ந்து நின்றார். ஜூமை முழுவதும் குறைத்து, நான்கடி தூரத்தில் நின்று எடுத்தோம். அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

பறவைக்கு நாம் காட்டும் மரியாதை தூரத்தில் நிற்பது. மனிதருக்குக் காட்டும் மரியாதை அருகில் சென்று கேட்பது. எந்த விளம்பரத் தாளிலும் இந்தப் பாடம் எழுதப்படவில்லை.

எங்கள் முடிவு

எங்கள் முதல் வேலை தூரத்துப் பறவை, இடம் உப்புக்காற்று, தூக்குபவர்கள் பல வகுப்புச் சிறுமியர், பணம் ஒருமுறைக்கே உரியது. ஆகவே கைமாறிய பிரிட்ஜ் காமிரா ஒன்றை வாங்கினோம். ஆண்டு விழா நடனம் அதில் நன்றாக வராது என்பதை அறிந்தே வாங்கினோம். மேடைப் படத்துக்கு ஆள் அழைத்துக்கொள்ளலாம். விழாக்களையும் உட்புறக் காட்சிகளையும் எடுக்க விரும்புவோர், அல்லது மெல்ல மெல்ல லென்ஸ் சேர்த்துக் கலையைக் கற்க விரும்புவோர், டி.எஸ்.எல்.ஆரையே வாங்கலாம். அது அவர்கள் மீனுக்கு ஏற்ற வலை.

பழைய காமிரா வாங்குவோர் மூன்றைக் கவனிக்க வேண்டும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பூஞ்சை இருந்தால் தெரியும். பிரிட்ஜ் காமிராவில் ஜூமை முழுவதும் நீட்டிச் சுருக்கி, கரகரவென்ற ஓசை வருகிறதா என்று கேட்க வேண்டும். டி.எஸ்.எல்.ஆரில் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று விசாரிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு இக்கருவியைக் கையில் எடுக்கப் போகும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீளும் லென்ஸுக்குள்ளும் தூசி நுழையும். நுழைந்தால் நம்மால் துடைக்க இயலாது. எனவே காற்று பலமாக வீசும்போது உறைக்குள் வைத்துவிடுங்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும் உடற்பகுதியைச் சற்று ஈரமான துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அலமாரியின் சாவி சிஸ்டரிடம் இருக்கிறது. டப்பாவின் மூடியில் நாங்கள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். அதில் எழுதியிருப்பது இரண்டே கேள்விகள்: "எதை எடுக்கப் போகிறாய்? கேட்டாயா?"