எழுத்துத் தெரியாத அம்மாவும் பிள்ளையைப் படிக்க வைக்கலாம்

சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் பக்கம் பெற்றோரிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே பதில்தான் வருகிறது: "நாங்க பட்டாசு ஆபீசுக்குப் போறவங்க. எங்களுக்கே எழுத்துக் கூட்டத் தெரியாது. டியூஷன்ல விட்டாத்தான் பிள்ளை படிக்கும்."

இது பொய். கூலிக்காரத் தாயின் நம்பிக்கையையும் காசையும் சேர்த்தே பறிக்கிற பொய்.

எழுத்தைச் சொல்லித்தருவது பள்ளியின் வேலை. அதற்குத்தான் 2022-இல் அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. வீட்டில் பிள்ளைக்கு வேண்டியது இன்னொரு வாத்தியார் அல்ல. வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள்.

சான்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். லண்டனின் ஹாரிங்கே பகுதியில் ஆய்வாளர் டிசார்டும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 1982-இல் வெளியானது. ஒரு பிரிவுப் பிள்ளைகள் வீட்டில் பெற்றோருக்கு வாசித்துக் காட்டினார்கள். இன்னொரு பிரிவினருக்குப் பள்ளியிலேயே கூடுதல் ஆசிரியர் வைத்துச் சிறு குழுவாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் முந்தியவர்கள் வீட்டில் வாசித்தவர்களே. அந்தப் பெற்றோரில் ஆங்கிலம் தெரியாதவர்களும் இருந்தார்கள், வாசிக்கவே தெரியாதவர்களும் இருந்தார்கள்.

காரணம் எளிது. திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசித்தால்தான் வேகம் வரும். வாசித்தது வாக்கியமாக அமைகிறதா, உளறலா என்று கண்டுபிடிக்கத் தாய்க்குத் தமிழ் பேசத் தெரிந்தால் போதும். "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்கப் பட்டமா வேண்டும்? நீங்கள் சொல்லும் கதையும் போடும் விடுகதையும் சொல்வளம் சேர்க்கின்றன.

புத்தகம் இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். நம் ஊரில் அச்சான தினசரி காலண்டர் உங்கள் சுவரிலேயே தொங்குகிறது. 12 ராசிக்கும் லாபம், பயணம், பொறுமை என்று ஒற்றைச் சொல்லில் பலன் இருக்கும். கிழித்த தாளைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அதட்டாதீர்கள்; ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லவிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மற்ற தவறான நம்பிக்கைகளுக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை.

247 எழுத்தும் முடிந்த பிறகே சொல் வாசிக்க வேண்டுமா? ப, ட, ம, ம் தெரிந்த அன்றே படம், மடம் வாசிக்கலாம்.

தமிழ் வாசித்தால் இங்கிலீஷ் பின்தங்குமா? தாய்மொழியில் வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி சுலபமாகும்.

செல்போனில் எழுத்துப் பாட்டு ஓடினால் போதுமா? பிள்ளை தப்பாக வாசித்தால் அந்தப் பாட்டு நிறுத்தித் திருத்தாது.

அச்சக உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கெல்லாம் காலண்டரும் நோட்டும் அடித்துக் கொடுக்கிறீர்கள். வெட்டி மிஞ்சும் தாளில் பெரிய எழுத்துக் கதைகள் அச்சிட்டு, உள்ளூர் அங்கன்வாடிகளுக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கும் இலவசமாகக் கொடுங்கள். பிள்ளைகள் வாசிக்கத் தாள் இல்லை என்ற பேச்சு அச்சுத் தொழில் நடக்கும் ஊரில் எழவே கூடாது.

தாய்மார்களே, ஒண்ணாம் வகுப்புக்கு டியூஷன் காசு கட்டாதீர்கள். இன்று ராத்திரியே பத்து நிமிடம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.