புதுக் கம்ப்யூட்டரில் முதலில் எந்த கேம்? ஓர் ஆட்டக்காரரின் கருத்துகள்

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். வேர்டைத் திறந்து பெயரை டைப் செய்து பார்த்திருப்பீர்கள். அடுத்து வீட்டில் உள்ள சிறுவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "இதுல கேம் இருக்கா?" பெரியவர்களுக்கும் அந்த ஆசை உண்டு, வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கேம் என்றால் நேரத்தை வீணாக்குவது என்று நினைப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் மவுஸ் பிடிக்கத் தெரியாத பலருக்கு மவுஸைப் பழக்கியது கேம்தான். இருபது வருடங்களுக்கு மேலாக கம்ப்யூட்டரில் விளையாடி வருபவன் என்ற முறையில், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எதில் தொடங்கலாம், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதைத் தள்ளி வைக்கலாம் என்று என் கருத்துகளை இங்கே சொல்கிறேன். உங்கள் ரசனை வேறாக இருக்கலாம்.

முதலில் உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

கேம் வாங்குவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டருக்கு என்ன தாங்கும் என்று தெரிய வேண்டும். கீ போர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். மெமரி என்ற இடத்தில் எத்தனை ஜிபி ராம் உள்ளது என்பதும், ஜிபியு என்ற இடத்தில் கிராபிக்ஸ் சிப்பின் பெயரும் கிடைக்கும். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேமின் விற்பனைப் பக்கத்திலும் குறைந்தபட்சத் தேவை என்று ஒரு பட்டியல் இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். ஜிபியு பெயரில் "இன்டெல் யுஎச்டி" என்று இருந்தால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். கவலை வேண்டாம். கீழே நான் நல்லது என்று சொல்லும் கேம்களில் பலவும் அதிலேயே ஓடும்.

சாலிடேர்: மவுஸ் வாத்தியார்

1990-ல் வந்த விண்டோஸ் 3.0 உடன் சாலிடேர் சேர்த்துத் தரப்பட்டது. மைக்ரோசாப்டில் பயிற்சிக்கு வந்த வெஸ் செர்ரி என்ற மாணவர் எழுதிய புரோகிராம் இது. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். ஒரு பொருளை மவுஸால் பிடித்து, இழுத்து, வேறு இடத்தில் விடும் வித்தை அப்போது பலருக்கும் புதிது. ஆட்டத்தோடு ஆட்டமாக அது கைக்குப் பழகிவிட்டது. இன்றும் மவுஸுக்குப் புதியவரை நான் உட்கார வைப்பது சாலிடேர் முன்னால்தான். அரை மணி நேரத்தில் கை நடுக்கம் போய்விடும்.

ஆனால் ஒரு விளையாட்டாக சாலிடேர் எனக்கு அலுப்பு. எவ்வளவு சரியாக ஆடினாலும் சில சீட்டு அடுக்குகளை முடிக்கவே முடியாது. அந்த விதத்தில் பிரீசெல் எவ்வளவோ மேல். எல்லாச் சீட்டும் முதலிலேயே திறந்திருக்கும், தோற்றால் தவறு நம்முடையது. விண்டோஸில் வந்த பழைய பிரீசெல்லில் 32,000 ஆட்டங்கள் எண்ணிடப்பட்டிருந்தன. அவற்றில் 11982 என்ற ஒரே ஆட்டம்தான் யாராலும் தீர்க்க முடியாதது. மற்ற எல்லாவற்றுக்கும் விடை உண்டு.

2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் இந்தப் பழைய கேம்கள் விண்டோஸோடு வருவதில்லை. இப்போது மைக்ரோசாப்ட் சாலிடேர் கலெக்ஷன் என்ற பெயரில் சாலிடேரும் பிரீசெல்லும் கிடைக்கின்றன. ஸ்டார்ட் மெனுவில் இல்லையென்றால் மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இடையிடையே விளம்பரம் வரும். அதை நீக்கப் பணம் கேட்கும். ஒரு சீட்டாட்டத்துக்கு மாதா மாதம் பணம் கட்டுவது தேவையில்லை என்பது என் கருத்து.

மைன்ஸ்வீப்பர்: கிளிக் செய்வதற்கு முன் யோசியுங்கள்

பலர் இதைக் குருட்டாம்போக்கில் கிளிக் செய்துவிட்டு, குண்டு வெடித்ததும் மூடிவிடுகிறார்கள். விதி தெரிந்தால் விட மாட்டீர்கள். ஒரு கட்டத்தில் தெரியும் எண், அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை குண்டுகள் இருக்கின்றன என்று சொல்கிறது. 1 என்று இருந்து, சுற்றிலும் திறக்காத கட்டம் ஒன்றே ஒன்று இருந்தால் குண்டு அங்கேதான். ரைட் கிளிக் செய்து கொடி நட்டுவிடுங்கள்.

இப்போது ஒரு சின்னப் பாடம். திறக்காத கட்டங்கள் ஒரே வரிசையாக, சுவர் போல நிற்கின்றன. அந்தச் சுவரை ஒட்டி 1, 2, 1 என்று மூன்று எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. குண்டுகள் எங்கே? நடுவில் உள்ள 2 தொடுவது சுவரின் மூன்று கட்டங்களை. அவற்றில் இரண்டு குண்டுகள் இருக்க வேண்டும். 2-க்கு நேர் எதிரில் குண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் இன்னொரு குண்டு இடப் பக்கமோ வலப் பக்கமோ இருக்கும். அது எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கத்து 1 இரண்டு குண்டுகளைத் தொட வேண்டி வரும். அது நடக்காது. ஆகவே 2-க்கு எதிரில் உள்ள கட்டம் பத்திரமானது, இரண்டு 1-களுக்கும் எதிரில் உள்ளவையே குண்டுகள். இதை ஒரு முறை தாளில் போட்டுப் பார்த்தால் பிறகு கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

தொடக்க நிலையில் 9-க்கு 9 கட்டம், 10 குண்டுகள். நடு நிலையில் 16-க்கு 16, 40 குண்டுகள். கடின நிலையில் 30-க்கு 16, 99 குண்டுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நிலையில் எட்டுக் கட்டத்துக்கு ஒன்று என்ற அளவில் இருந்த குண்டு, கடைசி நிலையில் ஐந்துக்கு ஒன்று ஆகிவிடுகிறது. எனக்கு இந்த ஆட்டத்தில் ஒரே குறை, கடின நிலையில் எல்லாம் சரியாகச் செய்த பிறகும் மூலையில் இரண்டு கட்டங்கள் மிஞ்சி, எதில் குண்டு என்று யூகிக்க வேண்டிய நிலை அடிக்கடி வரும். பத்து நிமிட உழைப்பு பூவா தலையா போடுவதில் போய்விடும். நடு நிலையோடு நின்றுகொள்வது மனதுக்கு நல்லது.

ரோலர்கோஸ்டர் டைகூன்: கடை நடத்தும் பாடம்

வீட்டில் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் நான் முதலில் சொல்லும் கேம் இதுதான். 1999-ல் வந்தது. கிறிஸ் சாயர் என்ற ஒருவரே ஏறக்குறைய முழு புரோகிராமையும் அசெம்பிளி மொழியில் எழுதினார். அதனால்தான் அன்றைய சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஆயிரக்கணக்கான குட்டி மனிதர்கள் ஒரே நேரத்தில் நடமாட முடிந்தது. இன்றைய மலிவான லேப்டாப்பிலும் அலட்டாமல் ஓடும்.

நீங்கள் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் முதலாளி. ராட்டினம் கட்ட வேண்டும், டிக்கெட் விலை வைக்க வேண்டும், ஆள் அமர்த்த வேண்டும், வங்கிக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். முதல் பூங்காவில் இலக்கு எளிது. முதல் ஆண்டு அக்டோபர் முடிவில் 250 பேர் உள்ளே இருக்க வேண்டும், பூங்காவின் மதிப்பெண் 600-க்குக் குறையக் கூடாது. பூங்காவில் நடக்கும் யாரையாவது கிளிக் செய்தால் அவர் மனதில் ஓடுவது தெரியும். விலை அதிகம், பசிக்கிறது, கழிப்பறை எங்கே, வழி தெரியவில்லை. இதைப் படித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பயங்கரமான ரோலர்கோஸ்டரைக் கட்டிவிட்டுப் பெருமையாகப் பார்த்தால் ஒருவரும் ஏற மாட்டார். ஏறினவர் இறங்கிப் பாதையில் வாந்தி எடுப்பார். அதைக் கூட்ட ஓர் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். மழை வந்தால் குடையின் விலையை ஏற்றிப் பாருங்கள். முணுமுணுக்காமல் வாங்குவார்கள்! வரவு செலவை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கேமை நான் பார்த்ததில்லை.

ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2: சோழர்களும் உண்டு

இதுவும் 1999-ல் வந்ததுதான். 2019-ல் டெபனிட்டிவ் எடிஷன் என்ற பெயரில் புதுப்பித்து வெளியிட்டார்கள். வாங்குவதானால் அதையே வாங்குங்கள். குறைந்தது 4 ஜிபி ராமும் ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 30 ஜிபி இடமும் கேட்கிறது.

புதியவர்கள் தோற்பது போரில் இல்லை, முதல் மூன்று நிமிடத்தில். வழக்கமான ஆட்டத்தில் மூன்று கிராமத்தார், ஒரு குதிரை ஒற்றன், 200 உணவு இவற்றோடு தொடங்குவீர்கள். ஒரு கிராமத்தாரை உருவாக்க 50 உணவு, 25 விநாடி. ஆகவே உடனே எச் கீயைத் தட்டி டவுன் சென்டரைத் தேர்ந்தெடுத்து நான்கு பேருக்கு ஆர்டர் கொடுங்கள். ஆனால் டவுன் சென்டர் ஐந்து பேருக்குத்தான் இடம் தரும். ஏற்கனவே நான்கு பேர் ஆயிற்று. எனவே அதே கையோடு ஒரு வீடு கட்டச் சொல்ல வேண்டும். ஒற்றனை அனுப்பி ஆடுகளைத் தேடச் சொல்லுங்கள். முற்றுப்புள்ளி கீயைத் தட்டினால் சும்மா நிற்கும் கிராமத்தார் யாரென்று காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு கீயைப் பழகியவர் பாதி ஆட்டம் கற்றவர். 500 உணவு சேர்ந்ததும் அடுத்த யுகத்துக்கு நகரலாம். முதலில் வில்லியம் வாலஸ் பயிற்சிப் பகுதியை முடித்துவிட்டு வாருங்கள், அவசரப்பட வேண்டாம்.

2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆப் இந்தியா என்ற இணைப்பு வந்தது. தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதில் திராவிடர் என்று ஒரு பிரிவு சேர்ந்தது. ராஜேந்திர சோழனின் கதையைச் சொல்லும் போர் வரிசையும் உண்டு. வீரர்களைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்வார்கள். உறுமி வாள் சுழற்றும் காலாட்படையும், திரிசடை என்ற பெயரில் போர்க்கப்பலும் இவர்களுக்கே உரியவை. காலாட்படையும் கடற்படையும் பலம், குதிரைப்படை சோகம். சோழர் என்றே பெயர் வைத்திருக்கலாம், ஏன் திராவிடர் என்று பொத்தாம் பொதுவாக வைத்தார்களோ! வரலாற்றுப் பாடமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ராஜேந்திரன் பெயரைக் கேட்டுவிட்டு நூலகத்தில் புத்தகம் தேடும் பிள்ளை இருந்தால் பணம் வீணில்லை.

இன்னும் சில, சுருக்கமாக

போர்ட்டல் (2007): சுவரில் இரண்டு ஓட்டைகள் போட்டு, ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளிவரும் புதிர். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு கையால் கீ போர்டில் நடப்பதும் மறு கையால் மவுஸில் பார்ப்பதும் பழக இதைவிட நல்ல பள்ளி இல்லை. தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். சிலருக்கு இத்தகைய கேம்கள் ஒத்துக்கொள்ளாது.

கார் ரேஸ் கேம்கள்: நீட் பார் ஸ்பீட் வரிசையில் 2005-ல் வந்த மோஸ்ட் வான்டட் எனக்குப் பிடித்தது. போலீஸ் துரத்தல்தான் அதன் உயிர். மற்றவை ஒரு வாரம் தாங்கும்.

ஜிடிஏ வைஸ் சிட்டி (2002): நன்றாகச் செய்யப்பட்ட கேம். ஊரும் பாட்டும் அருமை. ஆனால் ஐரோப்பாவின் பெகி முறைப்படி இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. கொலையும் போதைப்பொருள் வியாபாரமும்தான் கதை. "பைக் ஓட்டுற கேம்" என்று பிள்ளைகள் சொன்னதை நம்பி இதைப் போட்டுக் கொடுத்த பெற்றோர் ஏராளம். அட்டையில் உள்ள 3, 7, 12, 16, 18 என்ற எண் கேம் எவ்வளவு கடினம் என்பதைக் குறிப்பதல்ல, எந்த வயதினருக்கு என்பதைக் குறிக்கிறது.

எங்கே வாங்குவது?

"முழு கேம் இலவசம்" என்று இன்டர்நெட்டில் கிடைக்கும் பைல்களைத் தொடாதீர்கள். அவற்றோடு கிராக் என்று ஒரு பைல் வரும். அதை இயக்குவதற்கு முன் ஆன்டி வைரஸை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கச் சொல்வது போல இது. அதே கம்ப்யூட்டரில்தான் நீங்கள் பேங்க் பாஸ்வேர்டையும் டைப் செய்வீர்கள். உண்மையிலேயே இலவசமான நல்ல கேம்கள் இருக்கின்றன. ஓப்பன் டிடிடி, சூப்பர்டக்ஸ்கார்ட், பேட்டில் பார் வெஸ்நாத் மூன்றும் திறந்த மூல புரோகிராம்கள். அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுத்து வாங்குபவர்களுக்கு ஸ்டீம் வசதியானது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஸ்டீமில் மேலே உள்ள ஹெல்ப் மெனுவில் ஸ்டீம் சப்போர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த கேமின் பெயரைக் கிளிக் செய்தால் அதற்கான வழி கிடைக்கும். கடிகாரம் ஓடுவது கேமைத் திறந்த நிமிடத்திலிருந்து. மெனுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரம் கணக்கில் சேரும். ஆகவே வாங்கிய அன்றே திறந்து, உங்கள் கம்ப்யூட்டரில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா என்று முதல் அரை மணி நேரத்திலேயே பார்த்துவிடுங்கள்.