போர்டு தாளில் அந்த ஒரு வரி
பணியில் காயமடைந்த படைவீரர்கள் டிசபிலிட்டி பென்ஷன் பெறும் வழி

புவனகிரிப் பக்கம் பட்டாளத்திலிருந்து காயத்தோடு திரும்பியவரைப் பார்த்தால் மற்ற முன்னாள் வீரர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பர்சன்ட் போட்டாங்க?" என்பதுதான். மெடிக்கல் போர்டு தாளில் போட்ட ஊனச் சதவீதம் இருபதா, நாற்பதா என்பதிலேயே பேச்சு ஓடும். ஆனால் பலருக்குப் பென்ஷன் நின்றுபோனது சதவீதத்தால் அல்ல. அதே தாளில் உள்ள வேறொரு வரியால். இந்தக் குறை ராணுவப் பணியால் வந்ததா, முன்பே இருந்து பணியால் முற்றியதா, இரண்டும் இல்லையா என்று மெடிக்கல் போர்டு அங்கே எழுதுகிறது. "இரண்டும் இல்லை" என்று எழுதிவிட்டால் 60 சதவீத ஊனம் இருந்தாலும் பயனில்லை. ஆகவே முதல் நாளிலிருந்தே அந்த வரியைக் கண்ணில் வைத்து நடக்க வேண்டும்.

1. காயம்பட்ட அன்றே எழுத்தில் பதியுங்கள்

காயத்துக்கென்று ராணுவத்தில் தனிப் படிவம் உண்டு: ஐ.ஏ.எஃப்.ஒய். 2006. எங்கே, எப்படி அடிபட்டது, அப்போது வீரர் பணியில் இருந்தாரா என்பதைக் கமாண்டிங் ஆபீசர் இதில் எழுதிக் கையெழுத்திடுவார். பலத்த காயம் என்றால் கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற விசாரணையும் நடக்கும். இரண்டுக்கும் நகல் கேட்டு வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். யூனிட் இடம் மாறிவிட்டால் பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு.

விடுமுறையில் நேரும் விபத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அரசுச் செலவில் பயணம் செய்யும் உரிமையோடு விடுப்பில் ஊருக்கு வரும் வழியிலோ, விடுப்பு முடிந்து திரும்பும் வழியிலோ அடிபட்டால் அது பணிக்காலமாகவே கொள்ளப்படும். வீட்டுக்கு வந்து சேர்ந்தபின் சொந்த வேலையாக பைக்கில் போய் விழுந்தால் அப்படி இல்லை. 2011இல் ஜுஜார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய கோரிக்கையை ஏற்கவில்லை. ஆகவே ரயில் வாரண்டையும் விடுப்புச் சான்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

2. போர்டின் முன் எதையும் மறைக்காதீர்கள்

ராணுவத்தில் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்து தலைப்புகளில் அளக்கிறார்கள்: மனநலம், செவி, கைகால், பொது உடல்நிலை, கண். குறை கண்டால் 'லோ மெடிக்கல் கேட்டகரி'. அந்த நிலையிலேயே ஓய்வு பெறுபவருக்கு ரிலீஸ் மெடிக்கல் போர்டு. பணியைத் தொடரவே முடியாதவருக்கு இன்வேலிடிங் மெடிக்கல் போர்டு.

பதவி உயர்வு கெடும் என்று வலியை மறைப்பவர்கள் உண்டு. பின்னாளில் அதே வலிக்குப் பென்ஷன் கேட்கும்போது "சிகிச்சை எடுத்த பதிவே இல்லையே" என்பார்கள். ஒவ்வொரு முறையும் மருத்துவமனைச் சீட்டில் பதியச் செய்யுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள் இருந்தால் எல்லாவற்றையும் சொல்லுங்கள். போர்டு தனித்தனியாக மதிப்பிட்டுப் பிறகு மொத்தச் சதவீதம் போடும்.

3. தாள் கைக்கு வந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள்

பணியோடு தொடர்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது? அதற்குக் காரணம் சொல்லியிருக்கிறதா? சதவீதம் எவ்வளவு? அது ஆயுளுக்கா, சில ஆண்டுகளுக்கா?

முதல் இரண்டுக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு துணை நிற்கிறது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், அது பணியில் வந்ததாகவே முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்று நிறுவும் பொறுப்பு அரசுடையது; சந்தேகத்தின் பலன் வீரருக்கு. காரணம் எழுதாமல் "தொடர்பில்லை" என்று மட்டும் சொல்லும் போர்டுத் தாள், மேல்முறையீட்டில் உங்கள் பக்கத்துக்கே வலு சேர்க்கும்.

தாள் கையில் இல்லையா? உங்கள் ரெக்கார்ட் ஆபீசுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர்.

4. கணக்கைப் போட்டுப் பாருங்கள்

சாதாரணமாக ஓய்வு பெறுபவருக்குக் குறைந்தது 20 சதவீத ஊனம் இருந்தால்தான் டிசபிலிட்டி எலிமென்ட் என்ற ஊனத் தொகை கிடைக்கும். முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். ஊனச் சதவீதத்தை மேல்நோக்கிச் சரிக்கட்டும் முறையும் உண்டு: 50க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. இன்வேலிடிங் போர்டால் பணியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் தரப்பட்ட இதை, முழுப் பணி முடித்தவர்களுக்கும் 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்குத் தீர்ப்பு விரித்தது.

கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய், ஊனம் 40 சதவீதம் என்று வையுங்கள். அப்படியே கணக்கிட்டால் மாதம் 4,800. சரிக்கட்டினால் 6,000. பழைய பென்ஷன்தாரர்கள் தங்கள் பென்ஷன் ஆணையை எடுத்து இது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். 2023 செப்டம்பர் 21 முதல் பணியிலிருந்து விலகுபவர்களுக்குப் புதிய விதிகள் பொருந்தும். அக்னிவீரர்களுக்கு இந்தப் பென்ஷன் கிடையாது. பணியால் ஏற்பட்ட ஊனத்துக்கு 100, 75, 50 சதவீத நிலைகளில் முறையே 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒரே முறை தரப்படும்.

5. மறுத்தால் ஆறு மாதம் என்பதை மறக்காதீர்கள்

மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடியானால் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. மனுவில் கண்ணீர்க் கதை வேண்டாம். சேர்ந்தபோது ஷேப்-1 (முழுத் தகுதி), காயம்பட்ட தேதி, இடம், அன்றைய பணி, சிகிச்சைப் பட்டியல், போர்டு எழுதியது எங்கே தவறு: இவை இரண்டு பக்கத்தில் இருந்தால் போதும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு ஆறு மாதமாகப் பதிலே வராவிட்டாலும் அங்கே போகலாம். பல ஆண்டு தாமதித்தவர்களுக்கும் கதவு மூடுவதில்லை. ஆனால் நிலுவைத் தொகை பொதுவாக, வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கும்.

6. உள்ளூரில் யாரைப் பார்ப்பது?

கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் எழுதவும், ஸ்பார்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தில் உள்ள விவரங்களைச் சரிபார்க்கவும் வழிகாட்டுவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு; அதற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அரசு மருத்துவமனை தரும் மாற்றுத்திறனாளி அட்டை ராணுவ போர்டுத் தாளுக்கு ஈடாகாது. ஆதாரமாக இணைக்க மட்டும் உதவும்.

வீட்டில் பட்டாளத்துக்குப் புறப்படும் பிள்ளை இருந்தால் இன்றே ஒரு கோப்பு போடுங்கள். முதல் தாளாக, தேர்வின்போது "ஃபிட்" என்று எழுதித் தந்த மருத்துவச் சான்றின் நகலை வையுங்கள். பின்னாளில் போர்டு தாளில் அந்த ஒரு வரியை எழுதும்போது, அவன் நலமாகத்தான் போனான் என்று காட்ட அந்தத் தாள் இருக்கும்.