கேமரா இருக்கு, படம் ஏன் வரலை?



பௌர்ணமி வந்தால் நம்ம கீழ்பென்னாத்தூர் பக்கம் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, பஸ் பிடித்து வீடு வந்து சேர விடிந்துவிடும். முன்பெல்லாம் பக்கத்து வீட்டு ஆயாவிடம் "கொஞ்சம் பார்த்துக்க ஆயா" என்று சொல்லிவிட்டுப் போவோம். இப்போது வாசலிலும் ஆட்டுக் கொட்டகையிலும் வைஃபை கேமரா மாட்டிவிட்டுப் போகிறோம். ஆயா தூங்கினாலும் தூங்குவார், கேமரா தூங்காது என்று ஒரு நம்பிக்கை.

நம் உறுப்பினர் ஒருவர் குழுக் கடனில் 6 ஆடு வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் கேமராவும் மாட்டினார். ஒரு நாள் காலையில் 2 ஆட்டைக் காணோம். போனில் தேடினால் ராத்திரி 11 மணி வரைக்கும் படம் இருக்கு. அதற்கப்புறம் வட்டம்தான் சுத்துது. ஆடு போனாலும் தவணை நிற்குமா? விற்ற கடைக்காரர், "இதைவிட பெரிய கேமரா வாங்கிக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அதற்கும் கடன் கேட்டு அடுத்த கூட்டத்தில் மனு வந்தது. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் நாலு பேர் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். கேமரா நல்லாத்தான் இருந்தது. கோளாறு எல்லாம் ரூட்டருக்கும் கேமராவுக்கும் நடுவில் இருந்தது.

வழியில் என்ன நிற்குது?

திருவண்ணாமலை மலை 2668 அடி உயரம். தீபம் ஏற்றினால் எத்தனையோ ஊருக்குத் தெரிகிறது. ஆனால் நாம் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றால் தெரியாது. வைஃபை சிக்னலும் ஒருவகை வெளிச்சம்தான். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. செங்கல் சுவரைத் தாண்டும்போது கொஞ்சம் மங்கும். கான்கிரீட்டில் இன்னும் மங்கும். தகரம், இரும்புக் கதவு, பீரோ என்றால் திருப்பி அடித்துவிடும். தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். நிரம்பிய தண்ணீர்த் தொட்டி குறுக்கே இருந்தால் அது ஒரு சுவர் மாதிரி. மழையில் நனைந்த மரக்கிளையும் அப்படியே.

அந்த வீட்டில் ரூட்டர் முன்னறையில், இரும்பு பீரோ மேல், டிவிக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து கொட்டகைக்கு 2 சுவர், ஒரு தண்ணீர்த் தொட்டி, பின்பக்க இரும்புக் கதவு. பகலில் அந்தக் கதவு திறந்தே கிடக்கும், படம் ஜோராக வரும். ராத்திரி கதவைச் சாத்தினால் சிக்னலையும் சேர்த்துச் சாத்தின மாதிரி! கேமரா மாட்ட வந்த பையன் பகலில் சோதித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டான். நாமும் தலையாட்டிவிட்டோம்.

அதனால் சோதனையை ராத்திரி செய்யுங்க. கதவைச் சாத்துங்க, டூவீலரை வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்துங்க. கேமரா இருக்கும் இடத்துக்குப் போய்ப் போனைப் பிடித்துச் சிக்னல் அளவைப் பாருங்க. சில கேமரா செயலியிலேயே அந்த எண் வரும். இல்லையென்றால் சிக்னல் அளக்கும் இலவசச் செயலிகள் இருக்கு, பிள்ளைகளிடம் கேட்டால் போட்டுத் தருவார்கள். எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி இருக்கும். அதை நம்ம கடன் பாக்கி மாதிரி நினைச்சுக்குங்க, குறைவாக இருந்தால் நல்லது. 50, 60 என்றால் பிரமாதம். 67 வரைக்கும் படம் தடையில்லாமல் வரும். 75ஐத் தாண்டினால் விட்டுவிட்டு வரும். 60க்கும் 70க்கும் 10தானே வித்தியாசம் என்று விட்டுவிடாதீங்க. சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கொட்டகையில் ராத்திரி 81 காட்டியது.

காசு செலவில்லாத வேலை முதலில்

ரூட்டரை பீரோ மேலிருந்து எடுத்துப் பின்பக்க ஜன்னல் ஓரம், ஆள் உயரத்தில் மாட்டினோம். ஆன்டெனாவை நேராக நிமிர்த்தினோம். ஆன்டெனாவின் நுனி வழியாகச் சிக்னல் பாய்வதாகப் பலர் நினைத்து, நுனியைக் கேமரா பக்கம் நீட்டி வைக்கிறார்கள். அது பக்கவாட்டில்தான் பரவும். இந்த 2 வேலைக்கே எண் 68க்கு வந்துவிட்டது.

இன்னொன்று. ரூட்டரில் 2.4 என்றும் 5ஜி என்றும் 2 பெயர் வரும். இந்த 5ஜிக்கும் செல்போன் 5ஜிக்கும் சம்பந்தமே இல்லை. வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டத் திராணி குறைவு. வெளிக் கேமராவுக்கு 2.4தான் சரி. பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அதே தடத்தில் பேசினால் இரைச்சலாகும். இணைப்புக் கொடுத்தவரிடம் சொல்லி 1, 6, 11 இந்த மூன்று சேனலில் நெரிசல் குறைந்ததில் வைக்கச் சொல்லுங்க.

அப்புறம் கரண்டு. இருட்டில் படம் எடுக்கக் கேமராவுக்குள் சின்னச் சின்ன விளக்குகள் எரியும். அதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். மெல்லிசு வயரை ஒட்டுப்போட்டு நீட்டியிருந்தால் கேமராவுக்குப் போய்ச் சேரும் மின்சாரம் பத்தாது. ராத்திரியில் தானே அணைந்து அணைந்து எரியும். பழி மட்டும் சிக்னல் மேல் விழும். இங்கேயும் ஒட்டு வயர்தான். மாற்றினோம்.

அதுக்கும் சரியாகலைன்னா

ரிப்பீட்டர் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் அதைக் கொண்டுபோய்க் கேமரா பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். வரிசையாக நின்று குடம் கை மாற்றுகிறோம் என்று வையுங்க. நடுவில் நிற்பவர் கைக்கே காலிக் குடம் வந்தால் அவர் எதை மாற்றி விடுவார்? சிக்னல் நல்லா இருக்கும் பாதி வழியில்தான் ரிப்பீட்டர் இருக்கணும். அப்படியும் வேகம் பாதியாகக் குறைய வாய்ப்புண்டு.

எங்களைக் கேட்டால் வயர்தான் உத்தமம். லேன் வயர் 100 மீட்டர் வரை தாராளமாக வேலை செய்யும். வெயில் தாங்கும் வயராக வாங்கி பிவிசி பைப்புக்குள் விடுங்க. எலி கடிக்காது. கேமராவில் வயர் சொருக இடம் இல்லையென்றால், வயரைக் கொட்டகைப் பக்கம் கொண்டுபோய் அங்கே ஒரு பழைய ரூட்டரை வைக்கலாம். இடி மின்னல் நேரத்தில் கழற்றிவிடணும். தூரத்து நிலத்துக் கொட்டகைக்கு இதெல்லாம் எட்டாது. அங்கே சிம் போடும் 4ஜி கேமரா பாருங்க. வாங்கும் முன் அந்த இடத்தில் எந்தக் கம்பெனி சிம் எடுக்குதென்று பார்த்துவிடுங்க. மாதாமாதம் ரீசார்ஜ் செலவும் உண்டு.

"கேமராவுக்குள் மெமரி கார்டு இருக்கே, சிக்னல் எதுக்கு?" என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. கார்டு அவசியம் போடுங்க. தெளிவான படத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 ஜிபி ஆகும், 64 ஜிபி கார்டில் 3 நாள் நிற்கும். ஆனால் கேமராவையே பிடுங்கிப் போனால் கார்டும் போச்சு. 2023 பிப்ரவரி 12 விடியற்காலை நம் மாவட்டத்தில் திருவண்ணாமலை, போளூர், கலசப்பாக்கம் என்று 4 ஏடிஎம் உடைத்து 70 லட்சத்துக்கு மேல் எடுத்துப் போனார்களே, ஞாபகம் இருக்கா? போகும்போது தீயும் வைத்துவிட்டுப் போனார்கள். இடத்திலேயே இருக்கும் பதிவு இடத்தோடு எரியும். ஆள் அசைந்த நொடியே நம் போனுக்குத் தகவலும் படமும் வந்துவிட்டால் அதை யாரும் அழிக்க முடியாது. அதற்குத்தான் இத்தனை பாடும்.

அந்த உறுப்பினரின் கொட்டகையில் இப்போது ராத்திரி 66 காட்டுகிறது. வயருக்கும் ஆணிக்கும் மட்டும் செலவு. கடன் மனுவை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

மாட்டும்போது இன்னும் 2 விஷயம் பார்த்துவிடுங்க. பக்கத்து வீட்டுத் தட்டி மறைப்பு, குளிக்கிற இடம், தெருக்குழாய் இதெல்லாம் படத்தில் விழக்கூடாது. விழுந்தால் கேமராவைத் திருப்புங்க. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு போனில் படத்தைக் காட்டி "இவ்வளவுதான் தெரியுது" என்று சொல்லிவிட்டால் பின்னால் சண்டை வராது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்க. 2016ல் அப்படி மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் வெளியாட்கள் கைப்பற்றிவிட்டார்கள். புதுப் பாஸ்வேர்டு வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்தால் போதாது. ஆடு உங்க பேரில், கடன் உங்க பேரில். செயலி உங்க போனிலும் இருக்கட்டும்.