ஏர் வேறு, சென்ட் வேறு

நமது கிராமங்களில் நிலத்தை ஏக்கரிலும் சென்ட்டிலும் பேசுகிறோம். அந்நிலத்தின் பட்டாவோ ஹெக்டேரிலும் ஏரிலும் பேசுகிறது. ஆழ்குழாய்க் கிணற்றின் ஆழத்தை அடிக் கணக்கில் சொல்கிறோம். அதன் நீரை வயலுக்குக் கொண்டு செல்லும் குழாயை மில்லிமீட்டர்க் கணக்கில் வாங்குகிறோம். இவ்வாறு இரண்டு அளவை முறைகளை ஒருங்கே கையாள்வதில் குற்றம் ஒன்றும் இல்லை. எண்ணை ஒரு முறையிலிருந்து எடுத்துக்கொண்டு, அளவின் பெயரை மற்றொரு முறையிலிருந்து சேர்த்துவிடுவதே தீங்கு விளைவிப்பது. புதுக்கோட்டை மாவட்டத்து விவசாயிகளும் ஊராட்சி உறுப்பினர்களும் நாள்தோறும் எதிர்ப்படும் இக்குழப்பத்தைப் பற்றியும், அதனைத் தீர்க்கும் எளிய வழிகளைப் பற்றியும் இங்கு ஆராய்வோம்.

இரு முறைகள் வந்த வரலாறு

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தசாம்ச நாணயம் வழக்கத்துக்கு வந்தது. எடைகள், அளவைகள் பற்றிய சட்டம் 1956-இல் நிறைவேறி, 1958-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து மெட்ரிக் முறை படிப்படியாகப் புகுத்தப்பட்டது. பலமும் வீசையும் மணங்கும் சந்தையிலிருந்து விடைபெற்றன; கிலோகிராமும் லிட்டரும் அவற்றின் இடத்தைப் பெற்றன. இன்று 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

தராசில் நிகழ்ந்த மாறுதல் நிலத்தின் பேச்சில் அவ்வளவு எளிதாக நிகழவில்லை. காரணம் வெளிப்படை. அரிசியை இன்று வாங்கி நாளை உண்டுவிடுகிறோம். நிலமோ பாட்டன் காலத்துப் பத்திரத்தோடும் அவர் சொன்ன கணக்கோடும் நம் கைக்கு வருகிறது. புதுக்கோட்டை 1948-ஆம் ஆண்டு மார்ச்சு 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணையும் வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது; பின்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாகி, 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று தனி மாவட்டமாயிற்று. ஆட்சிகள் மாறினும் பத்திரப் பெட்டி மாறவில்லை. மூன்று தலைமுறைப் பத்திரங்களை ஒரு குடும்பத்தார் புரட்டிப் பார்ப்பின், மா, குழி என்றும், ஏக்கர், சென்ட் என்றும், ஹெக்டேர், ஏர் என்றும் மூவகைக் கணக்குகளைக் காணக்கூடும்.

பட்டாவைப் படிக்கும் முறை

பட்டாவில் பரப்பு என்னும் தலைப்பின் கீழ் "0 - 40.50" என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். கோட்டுக்கு முன் உள்ள எண் ஹெக்டேர். பின் உள்ள எண் ஏர். எனவே இந்நிலம் நாற்பதரை ஏர். இதனை நாற்பதரை சென்ட் என்று படிப்பவர் பலர். உண்மையில் இது முழுமையாக ஓர் ஏக்கர்!

இம்மயக்கம் ஏன் எழுகிறது? ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட். ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஏர். இரண்டும் நூறில் ஒரு பங்கே ஆதலின், இரண்டும் ஒன்றே என்று மனம் எண்ணிவிடுகிறது. ஆனால் ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 2 ஏக்கர் 47 சென்ட். ஆகவே ஓர் ஏர் ஏறத்தாழ இரண்டரை சென்ட். மேலும், 'ஏர்' என்ற சொல் நம் உழவுக் கருவியின் பெயராகவும், 'ஏக்கர்' என்பதன் சுருக்கம் போன்றும் ஒலிப்பது குழப்பத்தை வளர்க்கிறது. இது உழும் ஏர் அன்று. பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள சதுரத்தின் பெயர்.

இதனால் நேரும் இழப்பை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். மேற்சொன்ன நிலம் உடன்பிறந்தார் இருவருக்கு உரியது. மூத்தவர் வெளியூரில் பிழைப்பவர். "நாற்பது சென்ட்தானே, ஆளுக்கு இருபது" என்று பேசி, இருபது சென்ட்டுக்குரிய விலையைப் பெற்றுக்கொண்டு, தம் பாதியைத் தம்பிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார். அவருக்குரிய பங்கோ ஐம்பது சென்ட். முப்பது சென்ட்டின் விலையை அவர் இழந்தார். தம்பியும் வஞ்சகர் அல்லர். அவரும் அவ்வாறே படித்தவர். பின்னொரு நாள் நிலத்தை அளக்கும்போது உண்மை வெளிப்படும். விலையைப் பற்றிய வழக்கும் மனத்தாங்கலும் அன்று தொடங்கும்.

இதற்கு மறுதலையான அச்சமும் உண்டு. நாற்பது சென்ட் நிலம் உடைய ஒருவர் தம் பட்டாவில் "0 - 16.19" என்று கண்டு, இருபத்து நான்கு சென்ட் பறிபோயிற்று எனக் கலங்கித் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிறார். அவர் நிலத்தில் ஒரு பிடி மண்ணும் குறையவில்லை. பதினாறு ஏர் என்பதே நாற்பது சென்ட்.

மனைகளிலும் கவனம் வேண்டும். ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு இரு முறைகளிலும் தரப்படுகிறது. சதுர மீட்டருக்குரிய மதிப்பைச் சதுர அடிக்கு உரியதாகக் கொண்டால், மனையின் விலை பத்து மடங்குக்கு மேல் பெருகித் தோன்றும்.

விதையும் உரமும்

வேளாண் பரிந்துரைகள் பெரும்பாலும் ஹெக்டேர்க் கணக்கில் அமைகின்றன. விவசாயி ஏக்கர்க் கணக்கில் செலவிடுகிறார். நம் மாவட்டத்து வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இயங்குவதை யாவரும் அறிவர். தனிப்பயிராக உளுந்து விதைக்க ஹெக்டேருக்கு 20 கிலோ விதை என்பது பரிந்துரை. ஏக்கருக்கு 8 கிலோ போதுமானது. இருபது கிலோவையும் ஓர் ஏக்கரில் தெளித்தால் விதைக்காசு வீணாவதுடன் பயிர் நெருங்கிக் காற்றோட்டம் இன்றி மெலியும்.

மத்திய காலப் பயிரான நடவு நெல்லுக்கு, மண் பரிசோதனை செய்யாவிடத்து, ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது பொதுப் பரிந்துரை. அதனை யூரியாவாகவே கணக்கிட்டால், 45 கிலோ மூட்டையில் ஹெக்டேருக்கு ஏழே கால் மூட்டை. ஏக்கருக்கு மூன்று மூட்டைக்கும் சற்றுக் குறைவு. ஏழு மூட்டையை ஏக்கருக்கு இடுபவர், தாளை வளர்த்துப் பயிரைச் சாயவிட்டு, இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் விருந்து வைத்தவர் ஆவார். ஹெக்டேர்ப் பரிந்துரையைப் பத்தால் வகுத்து நான்கால் பெருக்கினால் ஏக்கர் அளவு கிடைக்கும். இவ்வொரு கணக்கை மனத்தில் இருத்தினால் போதும்.

ஊராட்சிப் பணிகளில்

மதிப்பீடு கன மீட்டரில் வருகிறது. மணலும் ஜல்லியும் லாரியில் 'யூனிட்' கணக்கில் வருகின்றன. யூனிட் என்பது நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். பத்துக் கன மீட்டர் ஜல்லிக்கு மூன்றரை யூனிட் வேண்டும். வந்திறங்கும் சுமையைச் சரிபார்க்கும் உறுப்பினர் இதனை அறிந்திருப்பது பொதுப்பணத்துக்குக் காவலாகும்.

குழாய்களில் ஒரு நுட்பம் உண்டு. 'இரண்டு அங்குலம்' என்று இரும்புக் குழாயைச் சொல்லும்போது ஏறத்தாழ அதன் உட்புற விட்டத்தைக் குறிக்கிறோம். '63 மில்லிமீட்டர்' என்று பி.வி.சி. குழாயைச் சொல்லும்போது அதன் வெளிப்புற விட்டத்தைக் குறிக்கிறோம். ஆகவே இரண்டையும் இணைக்கத் தக்க இணைப்பான் வேண்டும். அங்குலத்தைப் பெருக்கிப் பார்த்து வாங்குவது பயன் தராது. பழுதுபார்க்கச் செல்வோர் பழைய குழாயின் துண்டு ஒன்றைக் கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது.

மழைக் கணக்கில் மெட்ரிக் முறையின் எளிமை நன்கு விளங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஒரு ஹெக்டேரில் பெய்தால் பத்தாயிரம் லிட்டர். கண்மாய்ப் பாசனத்தை நம்பிய நம் மாவட்டத்தில், வரத்துப் பகுதியின் பரப்பை ஹெக்டேரில் அறிந்தால், பெய்த மழை எவ்வளவு என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். அங்குலத்தில் கேட்டே பழகியவர்கள் ஓர் அங்குலத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம்.

கற்றவர்க்கும் நேரும் பிழை

இத்தகைய பிழை எழுத்தறிவு குறைந்தோர்க்கே நேரும் என்று எண்ணுதல் தவறு. கனடா நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், 1983-ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று, 69 பேருடன் பறந்த விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்றுபோயிற்று. அதற்குத் தேவைப்பட்டது 22,300 கிலோ எரிபொருள். லிட்டரைக் கிலோவாக மாற்றுவதற்குரிய எண்ணுக்குப் பதிலாக, ராத்தலாக மாற்றுவதற்குரிய எண்ணைக் கொண்டு கணக்கிட்டமையால், பாதிக்கும் குறைவாகவே நிரப்பியிருந்தனர். விமானி திறமையாகச் சறுக்கி வந்து கிம்லி என்ற இடத்துப் பழைய விமானத் தளத்தில் இறக்கியதால் ஓர் உயிரும் போகவில்லை. அங்கும் பெருக்கலில் பிழை இல்லை. எண்ணின் பக்கத்தில் இருந்த அளவின் பெயரே பிழை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, எந்த எண்ணையும் அளவின் பெயரின்றி எழுதவோ பேசவோ கூடாது. "நாற்பது" என்றால் "நாற்பது என்ன?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று, அறிவுடைமை.

இரண்டாவதாக, பாகப்பிரிவினை, கிரயம், குத்தகை ஆகியவற்றைப் பேசும்போது பரப்பை இரு முறைகளிலும் எழுதிக்கொள்ளல் வேண்டும். "40.50 ஏர், அதாவது 1 ஏக்கர்" என்று எழுதினால், ஒன்றில் நேரும் பிழையை மற்றொன்று காட்டிக் கொடுக்கும்.

மூன்றாவதாக, ஊராட்சி அலுவலகச் சுவரில் சிறு பலகை ஒன்று வைக்கலாம்: 1 ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட், 1 ஏக்கர் 40.47 ஏர், 1 ஏர் இரண்டரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு, 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 யூனிட் 2.83 கன மீட்டர். பலகை எழுதுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிதே.

நான்காவதாக, கிராம சபை கூடும் நாளில் மைதானத்தில் நான்கு முளைகள் அடித்துப் பத்து மீட்டர்ச் சதுரம் ஒன்றைக் கயிற்றால் கட்டலாம். அதுவே ஓர் ஏர். அதற்குள் ஒரு பக்கத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி ஒரு கயிறும், மேலும் நான்கு மீட்டர் தள்ளி மற்றொரு கயிறும் குறுக்கே கட்டினால், ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ ஒரு சென்ட். எஞ்சுவது அரை சென்ட்டுக்குச் சற்று அருகில் வரும். பள்ளிப் பிள்ளைகள் கயிறு பிடிக்க, பெரியோர் சுற்றி நின்று காணட்டும். ஒருமுறை கண்ணால் கண்டவர் தம் பட்டாவைத் தவறாகப் படிக்கமாட்டார். பாட்டனார் விட்டுச்சென்ற நிலம், படிக்கும் பிழையால் பேரனுக்குக் குறையாதிருக்க, நான்கு முளையும் ஒரு கயிறும் போதுமானவை.