சமையலறை ஸ்டாக்கிற்கு ஒரு எக்ஸெல் ஷீட்

என் சித்தி ஒரு மெஸ் நடத்துகிறார். அங்கே மதியம் ஊற வைக்க இட்லி அரிசி இல்லை என்றால் மறுநாள் காலை வியாபாரம் போச்சு. பயந்து கொண்டு அதிகமாக வாங்கினால் பணம் மூட்டையில் முடங்கும், வண்டும் விழும். இதற்காக நான் போட்டுக் கொடுத்த ஷீட்டை நீங்களும் தயாரிக்கலாம்.

எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது இரண்டும் தனித்தனிக் கேள்விகள். சரக்கு வர ஆகும் நாட்கள் முதல் கேள்விக்குப் பதில் தரும். பொருள் கெடாமல் இருக்கும் காலமும் மூட்டையின் எடையும் இரண்டாவதற்குப் பதில் தரும்.

1. முதல் வரிசையில், ஏ முதல் எச் வரை இந்தத் தலைப்புகளைக் கொடுங்கள்: பொருள், தினசரி செலவு, வர ஆகும் நாள், காப்பு இருப்பு, ரீஆர்டர் லெவல், கையிருப்பு, வர வேண்டியது, வாங்க வேண்டியது.

2. இட்லி அரிசிக்கு பி2வில் 20 (கிலோ), சி2வில் 3 என்று டைப் செய்யுங்கள்.

3. சரக்கு ஒரு நாள் தாமதித்தால் 20 கிலோ, சனி ஞாயிறு கூட்டத்திற்குத் தலா 8 கிலோ கூடுதல். ஆக டி2வில் 36.

4. இ2வில் =பி2*சி2+டி2 என்ற ஃபார்முலாவை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். 96 வரும். இருப்பு இந்த அளவுக்கு இறங்கினால் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும்.

5. எச்2வில் =இஃப்(எஃப்2+ஜி2<=இ2,சீலிங்(பி2*7,25),0) என்று கொடுங்கள். சமக்குறிக்குப் பின் சி, இ, ஐ என்று அடித்தாலே சீலிங் ஃபங்ஷன் பட்டியலில் தெரியும். ஒரு வாரத் தேவை 140 கிலோ. 25 கிலோ மூட்டைக் கணக்கில் அது 150 ஆகிறது. 15 கிலோ எண்ணெய் டின் என்றால் 25க்குப் பதில் 15 போடுங்கள்.

ஜி காலத்தை மறக்க வேண்டாம். ஆர்டர் கொடுத்து இன்னும் வந்து சேராத சரக்கை அங்கே குறிக்காவிட்டால், அடுத்த நாளும் வாங்கு என்றே ஷீட் சொல்லும். ஒரே சரக்கு இரண்டு தடவை வந்து இறங்கும். சரக்கு வந்ததும் ஜி2வில் கழித்து எஃப்2வில் கூட்டுங்கள்.

பால், கீரை, கறிவேப்பிலைக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அன்றன்றைய தேவைக்கு வாங்குவதே சரி. தினசரி செலவை மாதம் ஒரு முறை சரிபாருங்கள். பள்ளி விடுமுறை, பண்டிகை மாதங்களில் அது மாறும்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதைச் செய்யலாம். முதலில் ஐந்து பொருட்களுடன் தொடங்கிப் பாருங்கள்.