வந்து சேராத பொருளும் திரும்ப வேண்டிய பணமும்

தொலைவிலுள்ள வணிகரிடம் பொருள் தருவிக்கும் பழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1877-ஆம் ஆண்டில் தொடங்கிய வி.பி.பி. முறையில், பொட்டலம் வீட்டு வாயிலை அடைந்த பின்னரே தபால்காரரிடம் பணம் செலுத்தப்பட்டது. பொருள் வராவிடில் பணமும் போகவில்லை. இன்றைய இணையவழி வாணிபத்தில், முன்பணம் செலுத்துவோரைப் பொறுத்தவரை, இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. பணம் நொடிப்பொழுதில் சென்றுவிடுகிறது. பொருள் பல கைகள் மாறி வருகிறது. இடையில் அது காணாமற்போனால், பணத்தை மீட்கும் வழி யாது?

ஓர் எடுத்துக்காட்டு

ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் தையல் தொழில் செய்து வாழும் ஒரு பெண்மணி, தில்லி விற்பனையாளர் ஒருவரிடமிருந்து இணையச் சந்தைத்தளம் ஒன்றின் வாயிலாக 8,000 ரூபாய்க்குத் தையல் இயந்திரம் வாங்கினார் எனக் கொள்வோம். பத்து நாட்களுக்குப் பின், 'பொருள் ஒப்படைக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி மட்டும் வந்தது, இயந்திரம் வரவில்லை. தளம் விற்பனையாளரைச் சுட்டுகிறது. விற்பனையாளர் கூரியர் நிறுவனத்தைச் சுட்டுகிறார். 'தொழிலுக்காக வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே அல்லர்' என்றும் அவர் வாதிடுகிறார்.

இவ்வாதம் நிலைக்காது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கில் வாங்குவோரை நுகர்வோர் வரையறையிலிருந்து விலக்குகிறது என்பது உண்மையே. ஆயினும் சுயதொழில் வாயிலாக வாழ்க்கைப்பாட்டை ஈட்டுவதற்கென்றே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கில் சேராது. இணையவழியில் வாங்குவோரும் நுகர்வோரே என்பதையும் இச்சட்டம் தெளிவுபடுத்தியுள்ளது.

வழக்கின் மையம் சான்றே

'பொருள் வரவில்லை' என்பதை வாங்கியவர் எவ்வாறு மெய்ப்பிப்பது? நடவாத ஒன்றை மெய்ப்பிப்பது அரிது. ஆனால் ஒப்படைத்ததற்கான சான்று ஏதேனும் இருப்பின், அது ஒப்படைத்தவரிடமே இருத்தல் வேண்டும். பெற்றவர் இட்ட கையொப்பம், ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல், ஒப்படைத்தபோது எடுத்த படம், நாள், நேரம் ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்பதே புகாரின் முதற்பணியாகும். நிறுவனத்தின் பதிவேட்டில் ஒரு சொல் இருப்பதாலேயே பொருள் கைக்கு வந்ததாகிவிடாது.

வாங்கியவரும் தம் பங்குக்குப் பட்டியல், பணம் செலுத்திய விவரம், வாக்களிக்கப்பட்ட ஒப்படைப்பு நாள், குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள் ஆகியவற்றைப் படியெடுத்து வைத்தல் வேண்டும். தொலைபேசியில் பேசினால், அதன் சாரத்தை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புதல் நன்று. பொருளைக் காணாமல் கடவுச்சொல்லைக் கூறுதல் ஆகாது; அது நிறுவனத்துக்குச் சான்றாகிவிடும்.

படிப்படியான தீர்வு

முதற்படி, குறைதீர்ப்பு அலுவலர். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதற்கு ஒப்புகை அளித்து, ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்த்தல் வேண்டும். சந்தைத்தளம் ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் வழங்குதல் வேண்டும். வாங்கியவர் எழுத்து மூலம் கேட்டால், விற்பனையாளரின் முகவரி முதலான விவரங்களையும் தருதல் வேண்டும். அறிவித்த காலத்துக்குப் பின் தாமதமாக வரும் பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுத்தலாகாது. இயற்கைச் சீற்றம் போன்ற தவிர்க்க இயலாத காரணங்களால் நேரும் தாமதம் மட்டுமே விலக்கு.

அட்டை மூலம் பணம் செலுத்தியவர், அட்டை வழங்கிய வங்கியிலும் அப்பரிவர்த்தனையை எதிர்த்து முறையிடலாம். இதற்குக் காலவரம்பு உண்டாதலால் தாமதித்தலாகாது.

இரண்டாம் படி, தேசிய நுகர்வோர் உதவி மையம். 1915 என்ற எண்ணில் 17 மொழிகளில் புகாரைப் பதியலாம். இம்மையம் நிறுவனத்திடம் புகாரைக் கொண்டுசென்று இணக்கம் காண முயலும். தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

மூன்றாம் படி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளை இவ்வாணையம் விசாரிக்கும். விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிடில் கட்டணம் இல்லை. வழக்கறிஞரின்றித் தாமே வாதிடலாம். மின்னணு முறையிலும் புகார் தாக்கல் செய்யலாம். வழக்கெழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளித்தல் வேண்டும். விலையோடு இழப்பீடும் வழக்குச் செலவும் கோரலாம். ஆணையத்தின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதோருக்குச் சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இருப்பிடத்திலேயே நீதி

1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில், எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடம் அல்லது வழக்கெழுந்த இடம் என்பனவே அதிகார எல்லையைத் தீர்மானித்தன. எட்டாயிரம் ரூபாய்க்காக இருமுறை தில்லி சென்று வந்தால் எஞ்சுவது என்ன? 2019-ஆம் ஆண்டுச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே வழக்குத் தொடர வழிவகுத்தது. நம் எடுத்துக்காட்டில் வரும் பெண்மணி கோராபுட் மாவட்ட ஆணையத்திலேயே தம் புகாரை அளிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை

பணத்தை மீட்கும் பதற்றத்தில், இணையத்தில் தேடிக் கிடைக்கும் ஏதோ ஓர் 'உதவி எண்ணை' அழைத்து, எஞ்சிய சேமிப்பையும் இழப்போர் உளர். நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ பட்டியலிலோ உள்ள எண்ணையே பயன்படுத்துதல் வேண்டும். பணத்தைத் திரும்பப் பெறுவதற்குக் கடவுச்சொல்லோ யு.பி.ஐ. இரகசிய எண்ணோ தேவையில்லை. ஏமாற்றப்பட்டோர் உடனே 1930 என்ற எண்ணில் தெரிவித்தல் வேண்டும்.

முடிவுரை

இத்தகைய வழக்குகளில் தொகை பெரும்பாலும் சிறியது. ஆதலால் பலர் 'போனது போகட்டும்' என்று விட்டுவிடுகின்றனர். ஆனால் ஒரு தையற்காரிக்கு எட்டாயிரம் ரூபாய் பல மாதச் சேமிப்பாக இருக்கக்கூடும். அவருக்குச் சட்டம் தரும் உரிமை பயன்பட வேண்டுமாயின், புகார் எழுதவும் சான்றுகளைத் தொகுக்கவும் அருகிலேயே ஒருவர் உதவுதல் வேண்டும். கல்லூரி மாணவர்களும் வட்டார அலுவலர்களும் இப்பணியை ஏற்கலாம். நாளும் தொகையும் பிழையின்றிக் குறித்த ஒரு பக்கப் புகாரே அதற்குப் போதுமான தொடக்கமாகும்.